கும்பிடுபூச்சிக் குஞ்சுகள்

பாட்டிலில் எறும்பா?

கோலார் தங்கவயலில் மாரிகுப்பம் என்ற இடம் உள்ளது. அங்கே வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள் இருக்கின்றன. அவற்றை லைன் வீடுகள் என்பார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை.

தங்கவயலில் 1880ஆம் ஆண்டு முதல் பெரிய அளவில் சுரங்க வேலை நடந்தது. தங்கத்தைத் தேடி 3 கிலோமீட்டருக்கும் கீழே தோண்டினார்கள். வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி பக்கங்களிலிருந்து ஏராளமானவர்கள் வேலைக்குப் போனார்கள். அங்கேயே குடியேறினார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

அப்படி ஒரு வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பேத்தி அவரை ஆயா என்று கூப்பிடுவாள். பேத்திக்குப் பத்து வயது. பேத்தியின் அப்பா விடியும் முன் ரயில் ஏறுவார். இரவுதான் வீடு திரும்புவார். அம்மாவும் வேலைக்குப் போவார். பகலில் ஆயாவும் பேத்தியும்தான் வீட்டில்.

ஆயா மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவார். ஆனால் பிழை இல்லாமல் எழுதுவார்.

வீட்டின் பின்புறம் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் ஆயா அவரைக் கொடி வைத்திருந்தார். நான்கு கத்தரிச் செடியும் இருந்தது.

ஒருநாள் வேலியில் ஒரு குச்சியைப் பேத்தி பார்த்தாள். அதில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. சோப்பு நுரை காய்ந்து இறுகியது போல இருந்தது. அவள் குச்சியை ஒடித்தாள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, அலமாரியில் வைத்தாள். பிறகு அதை மறந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழிந்தது. ஒருநாள் காலை பேத்தி கத்தினாள்.

"ஆயா! எறும்பு! பாட்டில் பூரா எறும்பு!"

ஆயா அடுப்பில் இருந்த சுடுதண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நூறு இருக்கும். கொசு அளவுதான். குச்சி போன்ற கால்கள். முன்கால் இரண்டையும் மடக்கி வைத்திருந்தன. அதில் ஒன்று தலையைத் திருப்பி ஆயாவைப் பார்த்தது.

"எறும்பு கழுத்தைத் திருப்பாதே, கண்ணு" என்றார் ஆயா. சுடுதண்ணீரைக் கீழே வைத்தார்.

பக்கத்து வீட்டுத் தாத்தா

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். சுரங்கத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். ஆயா பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினார்.

"அண்ணே, இது என்னன்னு பாருங்க."

தாத்தா பார்த்தார். முதலில் மூடியைத் திறந்தார்.

"கும்பிடுபூச்சிக் குஞ்சு தங்கச்சி. மூடியை இப்படி இறுக்கி வச்சா எப்படி உயிரோட இருக்கும்? நாங்க சுரங்கத்துக்குள்ளே இருந்தப்ப மேலேயிருந்து காத்தை இறக்குவாங்க. அடியிலே பாறையே சுடும். காத்து வரலேன்னா ஆள் நிக்க முடியாது. பூச்சிக்கும் அப்படித்தான்."

கும்பிடுபூச்சிக்குப் பல பெயர்கள் உண்டு. சில ஊர்களில் தயிர்க்கடைப் பூச்சி என்பார்கள். சில ஊர்களில் பெருமாள் பூச்சி என்பார்கள். முன்கால்களை மடக்கிக் கும்பிடுவது போல நிற்பதால் இந்தப் பெயர் வந்தது. உண்மையில் அது கும்பிடவில்லை. இரை வருகிறதா என்று காத்திருக்கிறது. முன்கால்களில் முள் வரிசை இருக்கும். இரை அருகில் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் பிடித்துவிடும்.

உலகத்தில் ஏறத்தாழ 2,400 வகைக் கும்பிடுபூச்சிகள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 160 வகைகளுக்கு மேல் உண்டு. காய்ந்த இலை போன்ற ஒரு வகை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. அதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் ஆசையாக வீட்டில் வளர்க்கிறார்கள்.

குச்சியில் இருந்த நுரைதான் முட்டைக்கூடு. தாய்ப்பூச்சி முட்டை இடும்போது நுரையையும் சேர்த்து விடும். நுரை காய்ந்து கெட்டியாகும். மழை, வெயிலிலிருந்து முட்டைகளைக் காக்கும். சில வாரங்களில் குஞ்சுகள் வெளியே வரும். குளிர் காலமானால் அதிக நாள் ஆகும்.

சில கூடுகளில் ஊசி குத்தியது போலச் சிறு ஓட்டைகள் இருக்கும். அது ஒரு சின்னக் குளவி வெளியே வந்த ஓட்டை. அந்தக் குளவி கும்பிடுபூச்சியின் கூட்டில் தன் முட்டையை வைக்கும். குளவிப் புழு உள்ளே இருக்கும் முட்டைகளைத் தின்றுவிடும்.

"எல்லாத்தையும் நான் வளர்க்கிறேன்" என்றாள் பேத்தி.

"நூறுக்கும் தினம் சோறு போடுவியா?" என்று கேட்டார் தாத்தா.

பேத்தி யோசித்தாள். கடைசியில் பத்து மட்டும் வைத்துக்கொண்டாள். மற்றதை ஆயா அவரைக் கொடியில் விட்டார். ஒரே இடத்தில் கொட்டவில்லை. இலைக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று எனப் பிரித்து விட்டார்.

நோட்டில் முதல் வரி

பேத்தியின் பழைய நோட்டு ஒன்றை ஆயா எடுத்தார். முதல் பக்கத்தில் எழுதினார்: "ஞாயிறு. குஞ்சு 10."

பத்தும் ஒரே பாட்டிலில் இருந்தன. தனியாக இருந்தால் பயப்படும் என்று பேத்தி நினைத்தாள். முதல் நாள் அவை எதுவும் தின்னவில்லை. அது வழக்கம்தான். பிறந்த குஞ்சுக்கு ஒரு நாள் வரை பசி தெரியாது.

பேத்தி சோற்றுப் பருக்கை போட்டாள். சர்க்கரை போட்டாள். இலை போட்டாள். எதையும் அவை தொடவில்லை.

புதன்கிழமை எண்ணிப் பார்த்தார்கள். ஏழுதான் இருந்தது. ஒரு குஞ்சு இன்னொன்றைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. பேத்தி அழுதாள்.

"கெட்ட பூச்சி! கூடப் பிறந்ததையே தின்னுது!"

தாத்தா சொன்னார்: "அது கெட்டது இல்லேம்மா. அதுக்குப் பசி. உயிரோட அசையிறதைத்தான் அது தின்னும். நீ சோறு போட்டே. அதுக்கு அது சாப்பாடே இல்லை."

ஆயா எழுதினார்: "புதன். குஞ்சு 7. இரை இல்லை. ஒன்றாக வைத்தோம்."

என்ன இரை? எவ்வளவு?

அன்றே ஏழு சின்ன டப்பாக்களைத் தேடி எடுத்தார்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு குஞ்சு.

குஞ்சு வாயளவுக்கு ஏற்ற இரை வேண்டும். அழுகிய வாழைப்பழத்தின் மேல் சின்ன ஈ மொய்க்கும். அதுதான் பழ ஈ. பிறந்த குஞ்சுக்கு அதுவே நல்ல உணவு.

பழ ஈயைப் பிடிக்க ஆயா ஒரு வழி செய்தார். கனிந்த வாழைப்பழத் துண்டை ஒரு பாட்டிலில் போட்டார். திறந்து மூலையில் வைத்தார். ஈக்கள் உள்ளே போயின. மெல்லிய துணியால் வாயைக் கட்டினார். ஈக்கள் பழத்தில் முட்டையிட்டன. ஏறத்தாழ பத்து நாளில் புதிய ஈக்கள் வந்தன. இப்படி இரண்டு பாட்டில் வைத்தால் இரைக்குப் பஞ்சம் இல்லை.

அவரைக் கொடியில் கறுப்பாக அசுவினி அப்பியிருந்தது. அதில் ஒரு கிள்ளு எடுத்தும் டப்பாவில் வைத்தார்கள். குஞ்சுகள் அதையும் தின்றன.

ஒரு குஞ்சுக்கு நாளைக்கு இரண்டு மூன்று பழ ஈ போதும். வயிற்றைப் பார்த்தால் தெரியும். வயிறு உப்பியிருந்தால் பசி இல்லை. வயிறு ஒட்டியிருந்தால் பசி. தின்னாமல் கிடக்கும் இரையை எடுத்துவிட வேண்டும்.

குஞ்சு வளர வளர இரையும் பெரிதாக வேண்டும். பிறகு வீட்டு ஈ, அந்துப்பூச்சி, சின்ன வெட்டுக்கிளி கொடுக்கலாம். இரை குஞ்சின் உடலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். எறும்பை இரையாகப் போடக் கூடாது. எறும்பு கடித்தால் குஞ்சு செத்துவிடும். மருந்து அடித்த இடத்தில் பிடித்த பூச்சியையும் போடக் கூடாது.

தண்ணீர் எப்படிக் கொடுப்பது?

பேத்தி ஒரு மூடியில் தண்ணீர் ஊற்றி வைக்கப் போனாள். தாத்தா தடுத்தார். இவ்வளவு சின்னக் குஞ்சு அதில் விழுந்தால் மூழ்கிவிடும்.

விரலைத் தண்ணீரில் நனைத்து டப்பாவின் சுவரில் தெளிக்க வேண்டும். மணி மணியாகச் சின்னத் துளி ஒட்டும். குஞ்சு வந்து அதைக் குடிக்கும். தினம் ஒருமுறை தெளித்தால் போதும். டப்பா சொதசொதவென்று இருக்கக் கூடாது. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். டப்பாவை நேர் வெயிலிலும் வைக்கக் கூடாது.

எறும்பும் கொசுவர்த்தியும்

நோட்டில் அடுத்த வாரம் இப்படி இருந்தது:

"செவ்வாய். குஞ்சு 6. எறும்பு வந்தது."

பழ வாசனைக்கு எறும்பு வந்துவிட்டது. துணி தளர்ந்திருந்த டப்பாவுக்குள் நுழைந்துவிட்டது. அதன் பிறகு ஆயா ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினார். நடுவில் ஒரு செங்கல்லை வைத்தார். செங்கல் மேல் டப்பாக்களை வைத்தார். எறும்பால் தண்ணீரைத் தாண்ட முடியவில்லை.

"சனி. குஞ்சு 4. கொசுவர்த்தி."

அன்று இரவு கொசு அதிகம். டப்பாக்களுக்குப் பக்கத்திலேயே கொசுவர்த்தி ஏற்றினார்கள். காலையில் இரண்டு குஞ்சுகள் மல்லாந்து கிடந்தன. கொசுவைக் கொல்லும் மருந்து கும்பிடுபூச்சியையும் கொல்லும். மருந்துக்கு இது நல்ல பூச்சி, அது கெட்ட பூச்சி என்று தெரியாது.

பேத்தி டப்பாக்களைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு வேணாம் ஆயா. நான் வச்சா எல்லாம் செத்துப் போகுது."

ஆயா நோட்டை எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இங்கே பாரு கண்ணு. மூணு செத்தது பசியாலே. இப்ப பசி இருக்கா? இல்லை. ஒண்ணு செத்தது எறும்பாலே. இப்ப எறும்பு வருதா? இல்லை. ரெண்டு கொசுவர்த்தியாலே. இனிமே ஏத்த மாட்டோம். எதுவும் உன் கைராசியாலே சாகலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு. எழுதி வச்சதாலேதான் நமக்கே தெரியுது."

பேத்தி நோட்டை வாங்கித் தானும் படித்தாள். பிறகு தண்ணீர் தெளிக்கப் போனாள்.

தோலுரிக்கும் நேரம்

கும்பிடுபூச்சியின் தோல் உடலோடு சேர்ந்து வளராது. குழந்தைக்குச் சட்டை பிடிப்பாகிவிட்டால் மாற்றுகிறோம் அல்லவா? அதுபோலப் பூச்சி பழைய தோலை உரித்துவிடும். உள்ளே புதிய தோல் இருக்கும். ஆறு முதல் ஒன்பது முறை வரை இப்படி உரிக்கும். பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இது தொடங்கும்.

தோலுரிக்க இரண்டொரு நாள் இருக்கும்போதே அது தின்பதை நிறுத்திவிடும். நோய் என்று பயப்பட வேண்டாம். அப்போது இரையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

பூச்சி தலைகீழாகத் தொங்கும். பழைய தோல் பிளக்கும். பூச்சி மெல்லக் கீழ்நோக்கி வெளியே வரும். அதனால் மேலே பிடித்துத் தொங்கச் சொரசொரப்பான இடம் வேண்டும். கீழே இறங்க இடமும் வேண்டும். டப்பாவின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். டப்பாவின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, உள்ளே ஒரு குச்சியையும் வைத்தால் நல்லது.

ஒருநாள் ஒரு துணி கிழிந்துவிட்டது. பேத்தி அந்த டப்பாவுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டாள். காற்றுக்கு ஓட்டையும் போட்டாள். ஆனால் மூடி வழவழப்பாக இருந்தது. அன்று இரவு அந்தக் குஞ்சு தோலுரித்தது. பிடி வழுக்கிக் கீழே விழுந்தது. கால்கள் வளைந்துவிட்டன. அதனால் இரை பிடிக்க முடியவில்லை. இரண்டு நாளில் செத்துவிட்டது.

இந்த முறை பேத்தி அழவில்லை. நோட்டைத் தானே எடுத்தாள். "குஞ்சு 3. மூடி வழுக்கியது" என்று எழுதினாள்.

தோலுரிக்கும்போது பூச்சியைத் தொடக் கூடாது. டப்பாவை ஆட்டக் கூடாது. முடிந்த பிறகும் ஒரு நாள் விட வேண்டும். புதிய தோல் மெதுவாக இருக்கும். அது இறுகிய பிறகே இரை போட வேண்டும்.

அப்பா பார்த்தது

அப்பா அந்தப் பூச்சிகளைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அவர் போகும்போதும் இருட்டு. வரும்போதும் இருட்டு. நோட்டை மட்டும் இரவில் புரட்டிப் பார்ப்பார்.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேத்தி அப்பாவை எழுப்பினாள்.

"நைனா, சத்தம் போடாம வா."

மூன்றில் பெரியது தலைகீழாகத் தொங்கியது. கடைசி முறையாகத் தோலுரித்துக்கொண்டிருந்தது. முதுகிலிருந்து கசங்கிய துணி போல ஏதோ வந்தது. மெல்ல மெல்ல விரிந்தது. பச்சை நிறத்தில் இறக்கைகள். அப்பா தரையில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார்.

"இதை என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார்.

"விட்டுடலாம் நைனா. அதுக்குத்தான் இறக்கை வந்திருச்சே."

இரண்டு நாள் கழித்து அதை அவரைக் கொடியில் விட்டார்கள். மற்ற இரண்டையும் அடுத்தடுத்து விட்டார்கள். மொத்தத்தில் கும்பிடுபூச்சியின் ஆயுள் ஓர் ஆண்டுக்குள்தான். அதற்குள் அது வளர வேண்டும். துணை தேட வேண்டும். முட்டையிட வேண்டும். டப்பாவில் அது நடக்காது.

பயம் வேண்டாம்

கும்பிடுபூச்சிக்கு விஷம் இல்லை. அது கொட்டாது. பெரிய பூச்சியைப் பிடித்து அழுத்தினால் முன்கால் முள்ளால் கிள்ளும். அவ்வளவுதான்.

அது தோட்டத்துப் பூச்சிகளைத் தின்னும். 1896 வாக்கில் சீனாவைச் சேர்ந்த கும்பிடுபூச்சி அமெரிக்காவுக்குப் போனது. இன்று அங்கே அதன் முட்டைக்கூட்டைத் தோட்டக்காரர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அது தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும்கூடத் தின்னும். கிடைத்ததைப் பிடிக்கும். எனவே அது ஒன்றே தோட்டத்தைக் காத்துவிடாது. தோட்டத்தில் வாழும் பல உயிர்களில் அதுவும் ஒன்று.

ஆயாவின் நோட்டில் கடைசி வரி இது: "பத்தில் மூன்று பிழைத்தது. அடுத்த முறை முதல் நாளே தனித்தனி டப்பா."

நினைவில் வைப்போம்

1. ஒரு டப்பாவுக்கு ஒரு குஞ்சு. மற்றவற்றைச் செடியில் பிரித்து விட வேண்டும்.
2. உயிருள்ள சின்ன இரையே உணவு. முதலில் பழ ஈ, அசுவினி. பிறகு பெரிய பூச்சி.
3. தண்ணீரைத் துளியாகத் தெளிக்க வேண்டும்.
4. டப்பா உயரமாக இருக்க வேண்டும். வாயில் துணி கட்ட வேண்டும்.
5. எறும்பு, கொசுவர்த்தி, பூச்சிமருந்து மூன்றும் ஆகாது.
6. தோலுரிக்கும்போது தொடக் கூடாது.

பதில் எழுதுங்கள்

1. பாட்டிலில் இருந்தவை எறும்பு அல்ல என்று ஆயாவுக்கு எப்படித் தெரிந்தது?
2. பத்துக் குஞ்சுகள் ஏன் ஏழாகக் குறைந்தன?
3. குஞ்சுக்குப் பசி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்ளலாம்?
4. பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை இருந்தும் குஞ்சு ஏன் செத்தது?
5. நோட்டில் எழுதி வைத்ததால் என்ன பயன் ஏற்பட்டது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் ஆடு, கோழி, செடி ஏதாவது இருக்கும். ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள். கிழமை, எண்ணிக்கை, நடந்தது என்ன என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் படியுங்கள். தெரிந்துகொண்டதைப் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுங்கள்.